ஜன்னலுக்கு நேரே அரை ஏக்கர்

டாயல் ஹேகுட்டை யாரும் பெரிய மனிதன் என்று சொன்னது கிடையாது. முப்பத்தொரு வருடம் எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து ரிப்பேர் பார்த்தவன். அவனுடைய முகத்தைவிட அவனுடைய பூட்ஸைத்தான் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியும். அவனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்த ஆள் இப்போது அவனையும் என்னையும் விட்டால் வேறு யாரும் இல்லை. அவன் சொல்லமாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

டாயல் என் அக்கா ஓலீட்டாவின் கணவன். என் பெயர் ராய்ஸ். ஓடைக்கு இந்தப் பக்கம் நான் நாற்பது மாடு வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அலபாமாவின் தென்கோடியில், பைன் காட்டுக்கு நடுவே, எங்களுக்கு அடுத்த வீடு என்று சொல்ல வேறு ஒன்றும் கிடையாது.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். எங்கள் சித்தி மகள் ஒருத்தி, சர்ச் விருந்துக்கு அக்காவின் கைப்பக்குவத்தில் உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுவந்து, அதைத் தன் மாமியாரிடம் கற்றதாகச் சொல்லிக்கொண்டாள். பதினோரு வருடம் அவளோடு பேச்சில்லை. என்னோடு நாலு வருடம். அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை அக்காவிடம் கேட்காமல் யாரோ ஒரு வெளியூர்க்காரனுக்கு விற்றுவிட்டேன். அந்த நாலு வருடமும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு ஒரே மேஜையில்தான் உட்காருவோம். "டாயல், உன் மச்சினன்கிட்ட அந்த உப்பை இப்படித் தள்ளச் சொல்லு" என்பாள். உப்பு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். டாயல் என்னைப் பார்த்து, "ராய்ஸ், உப்பைத் தள்ளு" என்பான். ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

அவளுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது மார்ச் மாதம். ஈஸ்டர் கழித்து ஒரு நாள் டாயலின் சின்ன பிக்கப் லாரி என் கேட்டுக்கு வந்து நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"ராய்ஸ், உன் வேலி சாஞ்சு கிடக்கு."

நாலு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அறுபத்தாறு வயதில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுதது போதும், அந்தக் கம்பத்தை நட்டு நிறுத்து" என்றாள்.

டாக்டர், நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங் விருந்து வரை தாங்கலாம் என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, டாயலிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் வேட்டைக்காரி அவள்தான். ஒன்பது வயதிலிருந்து வருடம் தவறாமல் நவம்பர் மாதம் மானுக்காகத் துப்பாக்கியோடு மரத்தில் ஏறி உட்கார்ந்தவள். காட்டோரம் மானுக்கென்று அவள் போடுகிற குளோவர் பாத்தியைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். குளோவர் என்பது மூன்று இலையாகத் தரையோடு படர்கிற ஒரு கீரை. மானுக்கு அது என்றால் உயிர். டாயல் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. "எனக்கும் மானுக்கும் எந்தத் தகராறும் இல்லையே" என்பான். அவள் சுட்டுக்கொண்டு வருவதை உரித்து, வெட்டி, மாவில் புரட்டிப் பொரிப்பது அவன் வேலை. பாத்தி போடுவதைப் பற்றி அவனுக்குக் கேலிதான். "மானுக்குக் கீரை போட்டு, அந்த மானைச் சுட்டு, அப்புறம் அதைத் தின்னுறதுக்குப் பதிலா, நேரா நாமளே அந்தக் கீரையைத் தின்னுட்டா ஒரு வேலை மிச்சம்" என்பான்.

அவனிடம் போய் அவள் கேட்டாள்.

"பின்னால கன்னுக்குட்டிப் பட்டி இருக்குல்ல, அந்த அரை ஏக்கர். ஜன்னலுக்கு நேரா இருக்கு. அதுல எனக்குக் குளோவர் போட்டுக் கொடு. ஓட்ஸ் கீட்ஸ் எதையும் கலக்காத, வளந்து மறைச்சுடும். படுத்துக்கிட்டே மானைப் பாக்கணும்."

"சுடவா?"

"பாக்க, டாயல். பாத்துட்டுப் போறதுக்கு."

"சரி" என்றான்.

அந்தச் 'சரி'யில் அவன் எதில் போய் மாட்டிக்கொண்டான் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தப் பட்டியில் கன்றுக்குட்டி நின்று பதினைந்து வருடம் இருக்கும். அருகம்புல் ஒரு பக்கம், கோரை ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுக்குத் தகரைச் செடி. டாயல் நேராகப் போய் டிராக்டரைக் கிளப்பினான். ஜன்னல் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா கைத்தடியின் நுனியால் தட்டினாள்.

அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் உள்ளே வா. 'நன்றாகச் செய்கிறாய்' என்பதற்குத் தட்டு கிடையாது.

முதலில் மண்ணைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னாள். பதினைந்து இடத்தில் தோண்டி, வாளியில் கலந்து, ஒரு பையில் போட்டுத் தபாலில் அனுப்பினான். அமிலம் மிகுந்த மண், சுண்ணாம்பு வேண்டும் என்று பதில் வந்தது. மே மாத வெயிலில் நாற்பது பவுண்டு மூட்டை ஐம்பதைத் தன் கையாலேயே பிரித்துத் தூவினான். முடித்துவிட்டு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றான். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் வலி வந்து, அரை மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். படுக்கையெல்லாம் சுண்ணாம்பு.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். "எரு வேணும்னா சொல்லுக்கா. எங்கிட்ட ரெண்டு வருஷத்துக் குவியல் இருக்கு, கறுப்பா, பொலபொலன்னு" என்றேன்.

"உன் மாட்டுச் சாணி வேண்டாம், ராய்ஸ். அது தின்ன களை எல்லாம் என் பாத்தியில வந்து முளைக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இருக்கிற ஒரே பொருள் அந்தக் குவியல்தான். ஆனாலும் நாலு வருடம் கழித்துப் பேசுகிறவளிடம் வாயாடவா முடியும்?

ஜூன் மாதம் களைக்கு மருந்து. வெட்டிவிட்டு அடிக்கலாம் என்றான் டாயல். வெட்டக் கூடாது, இலை பச்சையாக, நன்றாக வளர்கிற நேரத்தில் அடித்தால்தான் மருந்து வேருக்கு இறங்கும் என்றாள். அடித்தான். நாலாம் நாள் எல்லாம் மஞ்சளாகச் சாய்ந்தது. உடனே டிராக்டரில் ஏறினான். ஒரு தட்டு.

"செத்துருச்சு ஓலீட்டா, நீயே பாரேன்."

"மேலதான் செத்திருக்கு. கிழங்குக்குச் சேதி போய்ச் சேர நாளாகும். ரெண்டு வாரம் பொறு."

டாயலுக்குப் பொறுமை என்பது அறவே கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பு மணியடிக்கும்வரைகூட நிற்கமாட்டான், பாதியிலேயே கதவைத் திறந்து பாதி சூட்டில் தின்பான். வேலை பார்த்த காலத்தில் பேருந்து ஆறுவதற்கு முன்பே இன்ஜினில் கையை வைத்து, இரண்டு கையிலும் தழும்பு. அப்படிப்பட்டவன் இரண்டு வாரம் பொறுத்தான். பிறகு வட்டுக் கலப்பையை மேலாக ஒரு ஓட்டு ஓட்டினான். மண் சிவப்பாகத் திரும்பிப் படுத்தது. அடுத்த வாரமே விதைத்துவிடலாம் என்று என்னிடம் சொன்னான். உள்ளே போய் அவளிடமும் சொன்னான். நானும் கூட இருந்தேன், ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் கையில் இருந்தது.

"விதைக்கிறது செப்டம்பர் கடைசியில" என்றாள். "இப்பக் கலப்பை போட்டேல்ல, உள்ள பதினஞ்சு இருபது வருஷமாத் தூங்கிட்டிருந்த விதையெல்லாம் முழிச்சுக்கும். முழிக்கட்டும். எந்திரிச்சு வெளிய வரட்டும். வந்தப்புறம் மறுபடி மருந்தடி. அதுக்கப்புறம் மண்ணைத் தொடவே கூடாது. தொட்டா அடுத்த கூட்டம் முழிச்சுக்கும்."

டாயல் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஓலீட்டா, காத்துட்டிருக்க நமக்கு நாள் எங்க இருக்கு?"

"நான் சாகப்போறேன்னு குளோவருக்குத் தெரியாது, டாயல். அது நிதானமாத்தான் முளைக்கும்."

நான் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அந்தக் கோடை முழுக்க அவன் காத்திருந்தான். சாயங்காலம் அவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவான். ஒவ்வொரு மழைக்கும் தகரை முளைத்தது, முள்ளுக்கீரை முளைத்தது, கோரை ஊசி ஊசியாக எட்டிப் பார்த்தது. மற்றவர்கள் களையைப் பார்த்தால் திட்டுவார்கள். இவன் ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே போய், "இன்னிக்கு மேலக் கோடியில நிறைய முழிச்சிருக்கு" என்று சேதி சொல்வான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். எனக்குத் தெரிந்து, கல்யாணமான நாற்பத்தாறு வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டது அந்தக் கோடையில்தான். களையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது மருந்து அடித்தான். எல்லாம் கருகி விழுந்தது. வெறும் மண், சுத்தமாகக் கிடந்தது. தொடவில்லை.

செப்டம்பரில் அவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருக்கவேண்டி வந்தது. டாயலும் கூடவே போய்விட்டான். நாய்க்குச் சோறு வைக்க நான் ஓடையைத் தாண்டிப் போவேன். போகும்போதெல்லாம் அந்த அரை ஏக்கரைப் பார்ப்பேன். வெளுத்துப்போன, சத்தில்லாத மண். என் அக்காவின் கடைசி ஆசை இந்த மண்ணிலா முளைக்கப்போகிறது என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. இரண்டு வருடம் மக்கிய எருவில் எந்தக் களைவிதை உயிரோடு இருக்கும்? அவளுக்கென்ன, பிடித்தால் பிடித்த பிடி. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், டாயல் மட்டும் அவளுக்காக உழைத்துக்கொண்டே இருந்தான், நான் ஒன்றும் செய்யவில்லை. அது உறுத்தியது. நாலு வருடத்தை ஏதாவது கொடுத்து ஈடுகட்டத் துடித்தேன்.

மூன்றாம் நாள் மதியம் எரு வண்டியை ஓட்டிக்கொண்டு போய், மண்ணைக் கிளறாமல், மேலாகச் சீராகத் தூவினேன். வெளுத்த மண் கறுப்பாயிற்று. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? இறங்கி நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரசித்தேன்.

டாயல் திரும்பி வந்து பார்த்தான்.

"இது என்ன?"

"பழைய எரு. கொஞ்சந்தான்."

"அவ வேண்டாம்னாளே."

"அவளுக்கு எங்கடா தெரியப்போகுது?"

ஜன்னலைப் பார்த்தான். திரை மூடியிருந்தது. "சரி. சொல்லிடாத" என்றான்.

செப்டம்பர் இருபத்தேழு, மறுநாள் மழை என்று ரேடியோவில் சொன்ன நாள், விதைத்தான். கழுத்தில் மாட்டிக் கையால் சுற்றுகிற விதைப்பெட்டி. கிழக்கே மேற்கே ஒரு தடவை, வடக்கே தெற்கே ஒரு தடவை. பிறகு விதை மண்ணோடு அமுங்க லாரியையே முன்னும் பின்னுமாக, டயர்த் தடம் டயர்த் தடத்தை ஒட்டி விழுகிற மாதிரி ஓட்டினான். தட்டு எதுவும் விழவில்லை. மழை பெய்தது. எட்டாம் நாள் மண்மேல் லேசாகப் பச்சை படர்ந்தது. அக்கா பைனாகுலரை வைத்துப் பார்த்தாள். "முளைச்சிருச்சு" என்றாள். அன்றைக்கு, பன் மாதிரி மெத்தென்றிருக்கிற எங்கள் ஊர் பிஸ்கட்டில் பாகு ஊற்றிப் பாதி சாப்பிட்டாள். வாரக்கணக்கில் அவள் உள்ளே இறக்கிய பெரிய சாப்பாடு அதுதான். டாயல் சமையலறைக்கு வந்து, தட்டில் மீந்த அரை பிஸ்கட்டை என்னிடம் காட்டினான். காட்டிவிட்டு அதை அவன் தின்றான்.

அக்டோபர் நடுவில் ஒரு காலையில் என்னைக் கூப்பிட வந்தான். "என்னமோ ஆகுது, ராய்ஸ். வந்து பாரு. தண்ணி பத்தலைன்னு நெனச்சு நேத்து வாளி வாளியா ஊத்துனேன்."

போய்க் குனிந்தேன். குளோவர் விரற்கடை உயரம்கூட இல்லை. இலையெல்லாம் கிண்ணம் மாதிரி குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு கிடந்தது. சில செடிகள் சுருண்டு படுத்துவிட்டன. இந்தச் சுருளை நான் பார்த்திருக்கிறேன். என் புல்வெளியில், முட்செடி சாவதற்கு நான் மருந்தடித்த வருடம், முட்செடி இப்படித்தான் செத்தது.

அந்த மருந்து புல்லை ஒன்றும் செய்யாது, அகன்ற இலை எதுவானாலும் கொன்றுவிடும். அந்தப் புல்லை மாடு தின்றாலும், தின்று சாணி போட்டாலும், சாணி மக்கினாலும், மருந்து மட்டும் சாகாது. அந்தச் சாணியைத் தோட்டத்தில் போடாதே என்று டப்பாவோடு ஒட்டிவருகிற புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது. பொடி எழுத்தில் நாற்பது பக்கம். எவன் படிக்கிறான்? நான் படிக்கவில்லை.

டாயலிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். அவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"மறுபடி விதைச்சா?"

"முளைக்கும். முளைச்சு இப்படியேதான் சாகும். ஒன்னரை வருஷம், ரெண்டு வருஷம், மண்ணுல இருக்கும்."

அவன் ஒரு செடியைச் சுற்றி விரலால் மண்ணை அணைத்துவிட்டான். "நான் போய் அவகிட்டச் சொல்றேன்" என்றேன். வாய்தான் சொன்னது. கால் அசையவில்லை.

இரண்டு தட்டு கேட்டது.

"ஒரு செடியைப் பிடுங்கிட்டு வா" என்றாள், ஜன்னல் இடுக்கு வழியாக.

இரண்டு பேரும் உள்ளே போனோம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செடியை உள்ளங்கையில் வைத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"எரு" என்றாள். "யாரு போட்டது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றான் டாயல். "நீ ஆஸ்பத்திரியில தூங்கிட்டிருந்தப்ப ஒரு மத்தியானம் வந்து, ராய்ஸோட குவியல்ல இருந்து அள்ளிட்டு வந்து போட்டேன். அவனுக்குத் தெரியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் பூட்ஸைப் பார்த்தேன். அந்த அறையில் நான் செய்தது அவ்வளவுதான்.

"அஞ்சு மாசம், டாயல்" என்றாள் அவனிடம். "பொறுத்திருக்கக் கத்துக்கிட்டேன்னு நெனச்சு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கடைசி ஒரு வாரம் உன்னால பொறுக்க முடியல."

செடியைப் போர்வைமேல் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேச்சு நின்றது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டாள். "ராய்ஸ், உன் மச்சான்கிட்டத் தண்ணி வேணும்னு சொல்லு." டாயல் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவனிடம், "டாயல், தண்ணி வேணுமாம்" என்றேன். அவன் அவள் கழுத்துக்கடியில் கைகொடுத்துத் தூக்கி, குடிக்க வைத்தான். குடித்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் கடைக்குப் போய் இரண்டு மூட்டைச் சோளம் வாங்கிவந்து, அந்தச் செத்த பாத்தியின் நடுவே கொட்டினான். சோளத்தைக் கொட்டினால் மான் வந்தே தீரும். எங்கள் பக்கத்தில் பாதி வேட்டைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கா பைனாகுலரில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அதை அள்ளச் சொல்லு. தீனியைக் கொட்டி ஏமாத்தி வரவழைச்ச மானை நான் இத்தனை வருஷத்துல சுட்டதில்ல. பாக்கவும் மாட்டேன்."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. டாயல் மண்டியிட்டு, மண்ணில் சிதறியதையும் சேர்த்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினான். நானும் பொறுக்கினேன். அப்போது சொன்னேன், "போதும்டா. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லி என்ன பண்ணப்போற?" என்றான், தலையைத் தூக்காமல். "நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் உங்கிட்டப் பேசுறா. இப்ப நிறுத்தினான்னா மறுபடி ஆரம்பிக்க அவளுக்கு நாளில்ல. அவளுக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

"நீ?"

"எம்மேல கோபப்படறது அவளுக்குப் பழக்கம். நாப்பத்தாறு வருஷத்துல எங்கிட்டப் பேசாம இருந்தது அதிகபட்சம் ஒன்பது நாள். பாத்ரூமைப் பச்சைப் பெயிண்ட் அடிச்சப்ப. ஒன்பது நாளுக்கு மேல அவளால தாங்க முடியாது."

சொல்லும்போது லேசாகச் சிரித்தான். கணக்குப் போட்டு வைத்திருந்தான், பாவி. நானும் அந்தக் கணக்கை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பேச்சு நின்ற ஏழாம் நாள் வலி பொறுக்க முடியாமல் போய், நர்ஸ் வந்து மார்ஃபின் போட்டாள். அதற்குப் பிறகு அக்கா யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டு, மரத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். டாயலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அது கோபமா, மருந்தா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒன்பதாம் நாள் டாயல் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, காலையிலிருந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான்.

அவன் குளிக்கப் போயிருந்த ஒரு நேரத்தில் நான் அவள் காதோரம் குனிந்து, எரு போட்டது நான், டாயல் இல்லை என்று சொன்னேன். கேட்காத காதில் சொல்கிற தைரியம் எனக்கும் இருந்தது. அவள் இமைகூட ஆடவில்லை. பின்னால் டாயல் துண்டோடு நின்றான். "மெதுவாப் பேசு. இப்பத்தான் கண்ணசந்தா" என்றான்.

நவம்பர் மாதம் இரண்டாவது வாரம் போய்விட்டாள். துப்பாக்கியால் மான் வேட்டையாடுகிற சீசன் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை அந்த அரை ஏக்கரில் ஒரு மானும் கால் வைக்கவில்லை. காட்டோரமாகவே போயின, வெறும் மண்ணுக்கு அவை எதற்கு வர வேண்டும்? அடக்கத்துக்குச் சித்தி மகள் வந்தாள், உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தாள். நன்றாகத்தான் இருந்தது. டாயல் எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு அவன் பெரிதாக எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது. லாரியை ஓட்டினான், சர்ச்சுக்குப் போனான், தானே சமைத்துச் சாப்பிட்டான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த மண்ணைக் கொஞ்சம் அள்ளி மூன்று காகிதக் கோப்பையில் போட்டு, பீன்ஸ் விதை ஊன்றுவான். பக்கத்தில் காட்டு மண்ணில் மூன்று கோப்பை. மண்ணில் மருந்து இன்னும் இருக்கிறதா என்று பீன்ஸ்தான் காட்டிக்கொடுக்கும். காட்டு மண்ணில் பீன்ஸ் நிமிர்ந்து வரும், பட்டி மண்ணில் சுருண்டு வரும். சுருண்டதைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பான். அவசரப்படவில்லை. ஒரு தடவைகூடக் குறித்த நாளுக்கு முன்னால் போய்ப் பார்க்கவில்லை. அவனுக்குப் பொறுக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போனாள்.

இந்த ஏப்ரலில், ஒன்றரை வருடம் கழித்து, என்னைக் கூப்பிட்டான். ஆறு கோப்பையும் ஒரே மாதிரி, நேராக நின்றன. இலை விரிந்திருந்தது.

"போயிருச்சு" என்றான். "அடுத்த மாசம் மண்ணைச் சோதனைக்கு அனுப்பணும்."

நான் அந்த அறையில், அவள் கட்டில் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தினமும் தின்கிறது, அன்றைக்குக் கொஞ்சம் அதிகம்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், டாயல்."

"சொல்லியிருந்தா உங்கிட்டப் பேசாமயே போயிருப்பா." ஒரு பீன்ஸ் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். "நீ அதைத் தாங்கியிருக்கமாட்ட, ராய்ஸ்."

"நீ தாங்குனியா?"

இலையை விட்டுவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"இல்ல" என்றான்.